'சார்ஜ்' என்ற ஒரே சொல்லைத் தமிழில் சரியாகப் பெயர்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

மொழிபெயர்ப்பு பழக வருகிறவர்களுக்கு முதல் நாள் நான் ஓர் ஆங்கில வாக்கியம் கொடுப்பேன். அதில் உள்ள 'சார்ஜ்'களை மட்டும் அப்படியே விட்டு மற்றதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'இன் சார்ஜாக இருந்த அதிகாரி சார்ஜை ஒப்படைக்காததால் அவர் மேல் சார்ஜ் ஃப்ரேம் ஆனது, அதன் நகலுக்குச் சார்ஜ் இல்லை.' ஒரே வரியில் நான்கு சார்ஜ். பாதிப் பேர் இரண்டாவதிலேயே தடுக்கி விழுவார்கள். அவர்கள் விழுந்த இடங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் கீழே உள்ள வரிசை அமைந்தது. வரிசையை மாற்றாதீர்கள். அகராதி கடைசியில் வருவதற்குக் காரணம் இருக்கிறது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முழுப் பக்கம் வேண்டும். வாடிக்கையாளர் ஒற்றை வரியை வாட்ஸ்அப்பில் அனுப்பி "இதுக்கு மட்டும் தமிழ் சொல்லுங்க" என்றால், அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முன்னும் பின்னும் தெரியாமல் இந்தச் சொல்லைத் தொடக் கூடாது.

காகிதம் எந்த நாட்டுடையது, படிக்கப் போகிறவர் யார் என்ற இரண்டும் தெரிய வேண்டும். இந்திய போலீஸ் நடைமுறை வேறு, பிரிட்டன் நடைமுறை வேறு. தமிழ்நாட்டில் கட்டணத்தை வசூலிப்பார்கள், இலங்கையில் அறவிடுவார்கள்.

அகராதி இரண்டு: ஓர் ஆங்கிலம்-தமிழ், ஒரு தமிழ்-தமிழ். இரண்டாவது எதற்கு என்று பலர் கேட்பார்கள். ஒன்பதாம் படியில் அதற்கு வேலை இருக்கிறது.

1. யார், யார் மேல், எதை ஏற்றுகிறார்கள் என்று பாருங்கள்

அகராதியைத் திறந்தால் இந்தச் சொல்லுக்குப் பொருள்கள் வரிசையாக நிற்கும். புதியவர்கள் முதலில் கண்ணில் பட்டதை எடுத்துக்கொள்வார்கள். அதனால்தான் அகராதி இப்போதைக்கு வேண்டாம் என்கிறேன்.

முதலில் வாக்கியத்தில் செய்கிறவர் யார், செய்யப்படுபவர் யார் என்று குறித்துக்கொள்ளுங்கள். வங்கி வாடிக்கையாளரைச் 'சார்ஜ்' செய்தால் பணம். போலீஸ் ஒரு மனிதரைச் செய்தால் வழக்கு. அதே போலீஸ் கூட்டத்தைச் செய்தால் அடி. யானை ஜீப்பைச் செய்தால் பாய்ச்சல்.

இந்தச் சொல்லின் அடியில் இருப்பது சுமை ஏற்றும் எண்ணம். இதைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது, ஏனென்றால் தமிழும் இதே வழியில்தான் போகிறது. குற்றத்தைச் சுமத்துகிறோம், பொறுப்பைச் சுமத்துகிறோம், வரியைச் சுமத்துகிறோம், பேட்டரியில் மின்னை ஏற்றுகிறோம். இதில் அடங்காமல் தனியாக நிற்பது பாய்ந்து தாக்கும் பொருள் மட்டும்தான். ஆக, 'என்ன சுமை?' என்று கேளுங்கள்: பணமா, பழியா, பொறுப்பா, மின்னா, கடனா?

2. பெயரா வினையா என்று பிரியுங்கள்

ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே உருவம். தமிழில் பொருளைத் தெளிவாக்குவது பெரும்பாலும் வினைதான். 'கட்டணம் விதி', 'குற்றம் சாட்டு', 'பொறுப்பேற்றுக்கொள்' என்று வினை வந்தவுடன் குழப்பம் தீர்ந்துவிடும். எனவே பெயர்ச்சொல்லாக வந்தாலும் அதற்குரிய தமிழ் வினையை ஓரத்தில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

வினை தெளிவாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று நம் பேச்சிலேயே பார்க்கலாம். 'போனுக்குச் சார்ஜ் போடு', 'பேங்குல சார்ஜ் போட்டுட்டாங்க' என்ற இரண்டிலும் வினையும் 'போடு'தான். ஆனால் முன்னது பேட்டரியை நிரப்புகிறது, பின்னது கணக்கைக் காலி செய்கிறது. பேச்சில் ஆள் எதிரே இருப்பதால் தப்பித்துக்கொள்கிறோம். எழுத்தில் அந்த வசதி கிடையாது.

3. பின்னால் ஒட்டி வரும் சின்னச் சொல்லைப் பிடியுங்கள்

இந்தப் படிக்கு அதிக நேரம் கொடுங்கள். பெரிய தவறுகள் எல்லாம் இங்கேதான் நடக்கின்றன.

'வித்' வந்தால் உடனே குற்றம் என்று முடிவு கட்டாதீர்கள். 'சார்ஜ்டு வித் மர்டர்' என்றால் கொலைக் குற்றம் சாட்டப்பட்டவர். 'சார்ஜ்டு வித் கண்டக்டிங் எலெக்‌ஷன்ஸ்' என்றால் தேர்தல் நடத்தும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்ட அமைப்பு. ஒருமுறை பழக வந்த ஒருவர், 'தேர்தல் நடத்தியதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஆணையம்' என்று எழுதிக் கொண்டுவந்து நீட்டினார். இலக்கணத்தில் ஒரு பிழை இல்லை! 'வித்'துக்குப் பின்னால் வருவது தண்டனைக்குரிய செயலா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் அது பொறுப்பு. பின்னால் வருவது ஓர் உணர்ச்சி என்றால் மூன்றாவது வழி: கோபம் ததும்பும் பேச்சு, பதற்றம் நிறைந்த சூழல்.

'ஃபார்' வந்தால் பெரும்பாலும் பணம். வண்டி நிறுத்த, நகல் எடுக்க, வீட்டுக்குக் கொண்டுவந்து தர என்று ஏதோ ஒரு சேவைக்கான காசு.

'டு' வந்தால் அந்தப் பணம் எந்தக் கணக்கில் ஏறும் என்று சொல்கிறது. மளிகைக் கடையில் 'கணக்குல எழுதிக்கோங்க அண்ணாச்சி' என்போமே, அதேதான். வங்கிக் காகிதத்தில் 'கணக்கில் பற்று வைக்கப்படும்' என்று எழுதுங்கள்.

'தட்' வந்தால் பழி உண்டு, பெரும்பாலும் நீதிமன்றம் இல்லை. எதிர்க்கட்சித் தலைவர் மேடையில் 'சார்ஜ்டு தட்' என்று பேசினால் 'குற்றம்சாட்டினார்' என்பது போதும். வழக்குத் தொடர்ந்ததாக எழுதிவிட்டால் மறுநாள் திருத்தம் போட வேண்டிவரும்.

'அட்' வந்தால் ஓடி வந்து பாய்வது.

'ஆன்' வந்தால் கவனம். ஒன்று, சொத்தின் மேல் ஏறும் கடன் சுமை. மற்றொன்று அரசு நிதி. இந்திய அரசியலமைப்பின் 112-வது பிரிவில், அரசின் வருவாய் வந்து சேரும் தொகுப்பு நிதியின் மேல் 'சார்ஜ்' ஆகும் செலவுகள் என்று ஒரு பட்டியல் உண்டு. குடியரசுத் தலைவரின் ஊதியம், உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் சம்பளம் எல்லாம் அதில் அடங்கும். இவற்றை நாடாளுமன்றம் விவாதிக்கலாம், வாக்கெடுப்புக்கு விட முடியாது. பொது வாசகருக்கு எழுதும்போது 'வாக்கெடுப்பின்றித் தொகுப்பு நிதியிலிருந்தே செலுத்த வேண்டிய செலவு' என்று விரித்து எழுதுவதுதான் என் பழக்கம்.

கடைசியாக, நடுவில் வரும் 'தி'. 'இன் சார்ஜ் ஆஃப்' என்றால் பார்த்துக்கொள்கிறவர். 'இன் தி சார்ஜ் ஆஃப்' என்றால் பார்த்துக்கொள்ளப்படுகிறவர். 'தி' என்ற துண்டுச் சொல் ஒன்று நர்ஸையும் குழந்தையையும் இடம் மாற்றிவிடும். வேகமாகப் படிக்கும் கண்ணுக்கு அது படவே படாது. அந்த இடத்தில் விரல் வைத்துப் படியுங்கள்.

4. போலீஸ், நீதிமன்றக் காகிதம் என்றால் வழக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று கண்டுபிடியுங்கள்

இங்கே தவறினால் ஒருவருடைய பெயர் கெடும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இந்திய நடைமுறையில் முதல் தகவல் அறிக்கை பதிவாகும், புலன்விசாரணை நடக்கும், பிறகு போலீஸ் நீதிமன்றத்தில் அறிக்கை கொடுக்கும். அதுதான் நாம் சொல்லும் சார்ஜ் ஷீட், அதாவது குற்றப்பத்திரிகை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் இது 193-வது பிரிவு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 173. தாக்கல் செய்வது போலீஸ்.

அதற்குப் பிறகு நீதிபதி ஆவணங்களைப் பார்த்து, எந்தெந்தக் குற்றங்களுக்கு விசாரணை நடக்க வேண்டும் என்று தீர்மானித்து எழுதுவது 'ஃப்ரேமிங் ஆஃப் சார்ஜ்'. நீதிமன்றத் தமிழில் 'குற்றச்சாட்டு வனைதல்' என்பார்கள். செய்தித்தாளில் 'குற்றச்சாட்டு பதிவு' என்று வரும். இதைச் செய்வது நீதிமன்றம்.

இரண்டையும் 'குற்றப்பத்திரிகை தாக்கல்' என்று எழுதுவதுதான் நான் அதிகம் திருத்திய பிழை. பெரிய விஷயமா என்று கேட்கலாம். கைதானவர் காவலில் இருக்கும்போது, குற்றத்தின் தன்மையைப் பொறுத்து 60 அல்லது 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் அவருக்கு ஜாமீன் பெறும் உரிமை வந்துவிடும். அந்தக் கணக்கு குற்றப்பத்திரிகை தாக்கலான தேதியோடு போகிறது, குற்றச்சாட்டு வனைந்த தேதியோடு அல்ல. சொல் மாறினால் வாசகர் தேதியையும் தப்பாகப் புரிந்துகொள்வார்.

பிரிட்டன் செய்தியில் போலீஸ் ஒருவரைச் 'சார்ஜ்' செய்தது என்று வந்தால் நம் ஊர்க் குற்றப்பத்திரிகையை அங்கே கொண்டுபோய்ப் பொருத்தாதீர்கள். 'போலீஸார் அவர் மீது முறைப்படி குற்றம் சாட்டினர்' என்றால் போதும். அமெரிக்க நீதிமன்றச் செய்தியில் நீதிபதி ஜூரிகளைச் 'சார்ஜ்' செய்தார் என்று வரும். யார் மேலும் பழி போடவில்லை. சட்டம் என்ன சொல்கிறது, எதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்று அவர்களுக்கு அறிவுறுத்துகிறார், அவ்வளவுதான்.

எந்தக் கட்டத்திலும் 'குற்றம் சாட்டப்பட்டவர்' என்பதை 'குற்றவாளி' என்று சுருக்காதீர்கள். தலைப்பில் இடம் போதாவிட்டால் வேறு எதையாவது வெட்டுங்கள்.

'லத்தி சார்ஜ்' இந்தக் குடும்பத்தில் சேராது. அது மூன்றாம் படியில் பார்த்த பாய்ச்சல். தமிழில் 'தடியடி' என்று அருமையான சொல் இருக்கிறது. 'தடியடிக் குற்றச்சாட்டு' என்று எழுதிவிட்டால், போலீஸ் அடித்ததா, அடித்ததாக யாரோ சொல்கிறார்களா என்று தெரியாமல் போகும்.

5. அரசு அலுவலகக் காகிதத்தில் நாற்காலியா, பழியா என்று பாருங்கள்

அலுவலகத்தில் சார்ஜ் இரண்டு திசையிலும் வரும். மாற்றலாகி வந்தவர் சார்ஜ் எடுப்பார்: பொறுப்பேற்றார். போகிறவர் சார்ஜ் கொடுப்பார்: பொறுப்பை ஒப்படைத்தார். முற்பகலா பிற்பகலா என்று அந்தக் காகிதத்தில் குறித்திருக்கும். அதை விட்டுவிடாதீர்கள், சம்பளக் கணக்கு அதைப் பொறுத்தது.

பதவிப் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'பொறுப்பு' என்று போட்டிருந்தால் அவர் அந்த நாற்காலிக்கு நிரந்தரமாக வந்தவர் இல்லை, இடைக்காலமாகப் பார்த்துக்கொள்கிறார். தன் வேலையோடு இன்னொரு பணியிடத்தையும் முழுதாகச் சேர்த்துப் பார்த்தால் 'முழுக் கூடுதல் பொறுப்பு'.

இன்னொரு திசை, சார்ஜ் மெமோ. இது குற்றச்சாட்டுக் குறிப்பாணை. தமிழ்நாட்டு அரசு ஊழியர்கள் 'பதினேழு ஏ', 'பதினேழு பி' என்று சொல்வதெல்லாம் இதைத்தான்; ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் 17(அ) சிறு தண்டனைக்கு, 17(ஆ) பெரும் தண்டனைக்கு. இங்கே 'குற்றப்பத்திரிகை' என்று எழுதினால் ஊழியர் மேல் போலீஸ் வழக்கே இருப்பதாகத் தோன்றும். துறை விசாரணை வேறு, கோர்ட் வேறு.

6. பணம் என்றால் எதற்கான பணம் என்று கேளுங்கள்

தமிழில் 'கட்டணம்' ஏறக்குறைய எல்லாவற்றையும் தாங்கும். அதனால் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும்போது சிக்கல் குறைவு. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போதுதான் அடி வாங்குகிறோம். 'பஸ் சார்ஜ் ஏறிடுச்சு' என்று நாம் சொல்வதை ஆங்கிலத்தில் அப்படியே எழுதக் கூடாது, அங்கே அது 'ஃபேர்'. டாக்டருக்கும் வக்கீலுக்கும் கொடுப்பது 'ஃபீ'. பொருளுக்கு 'பிரைஸ்'. தப்புக்குக் கட்டுவது 'ஃபைன்'. சார்ஜ் என்பது பெரும்பாலும் ஒரு சேவைக்காக எழுதப்படும் தொகை.

'ஃப்ரீ ஆஃப் சார்ஜ்' வந்தால் 'இலவசம்' என்று உடனே போடாமல் ஒரு நொடி நில்லுங்கள். பொருளைக் கொடுத்தால் 'விலையில்லா', சேவையைக் கொடுத்தால் 'கட்டணமில்லா' என்று தமிழ்நாட்டு அரசுக் காகிதங்களில் பழகிவிட்டது: விலையில்லா மிதிவண்டி, கட்டணமில்லாப் பேருந்துப் பயணம். விளம்பரம் என்றால் 'இலவசம்'தான் எடுபடும்.

சொத்து, கம்பெனி ஆவணங்களில் வரும் சார்ஜ் கட்டணம் அல்ல. கடன் திரும்பி வராவிட்டால் இந்தச் சொத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்ற உரிமை அது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 100-வது பிரிவு. இதை 'அடமானம்' என்று எழுதுவது சரியல்ல. அடமானத்தில் சொத்தில் உள்ள ஓர் உரிமையே கடன் கொடுத்தவருக்கு மாறுகிறது, இதில் அப்படி எதுவும் மாறுவதில்லை. 'சொத்தின் மீதான கடன் பொறுப்பு' என்று எழுதி, முதல் முறை வரும் இடத்தில் ஒரு வரி விளக்கம் சேர்த்துவிடுங்கள். கம்பெனி என்றால் 2013 கம்பெனிகள் சட்டத்தின் 77-வது பிரிவுப்படி பொதுவாக 30 நாளுக்குள் இதைப் பதிவு செய்ய வேண்டும். அந்த இடத்தில் ஒருவர் 'கட்டணப் பதிவு' என்று எழுதியதைப் பார்த்திருக்கிறேன்.

7. மின்சாரம் என்றால் அளவா, செயலா

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் துகளிடம் இருக்கும் அளவு 'மின்னூட்டம்', கூலூமில் அளப்பது. பேட்டரியில் ஏற்றும் செயல் 'மின்னேற்றம்'. இலங்கைப் பாடநூல்களில் அந்த அளவையே 'ஏற்றம்' என்கிறார்கள். நேரேற்றம், மறையேற்றம் என்று வரும். யாருக்கு எழுதுகிறோம் என்று தொடக்கத்திலேயே கேட்கச் சொன்னது இதற்குத்தான்.

செல்போன் கையேட்டில் மட்டும் நான் 'சார்ஜ்' என்றே விடுவேன். 'கைப்பேசியை மின்னேற்றம் செய்யவும்' என்று எழுதினால் பாட்டி பேரனைக் கூப்பிட்டு அர்த்தம் கேட்பார். ஏசி மெக்கானிக் சொல்லும் 'கேஸ் சார்ஜ்' கொஞ்சம் ஏமாற்றும். பில்லில் இருந்தால் அது காஸ் நிரப்பும் வேலையா, அதற்கான கூலியா என்று கேட்டுத்தான் எழுத வேண்டும்.

8. உதிரியாக வருபவை

யானை வருவது போல் வந்து நின்றுவிட்டால் அது 'மாக் சார்ஜ்'. 'மிரட்டும் பாய்ச்சல்' என்று எழுதலாம். பாறை உடைக்கும் இடத்தில் வருவது வெடிமருந்து. ஆயா வேலை பார்ப்பவரின் 'சார்ஜஸ்' என்றால் அவர் வளர்க்கும் பிள்ளைகள். கிரிக்கெட்டில் பேட்ஸ்மேன் சார்ஜ் செய்தால் 'இறங்கி வந்து அடித்தார்'.

'டிஸ்சார்ஜ்' என்றால் சுமையை இறக்குவது. முதல் படியில் கேட்ட கேள்வியையே திருப்பிக் கேளுங்கள்: எந்தச் சுமை இறங்குகிறது? நோயாளி வீடு திரும்புகிறார், பேட்டரி தீர்கிறது, புண்ணில் சீழ் வடிகிறது, அணையில் விநாடிக்கு இத்தனை கன அடி தண்ணீர் திறக்கிறார்கள். நீதிமன்றத்தில் டிஸ்சார்ஜ் என்றால் வழக்கிலிருந்து விடுவிப்பு, அதாவது விசாரணைக்குப் போகும் அளவுக்கே ஆதாரம் இல்லை என்பது. விசாரணை முடிந்து குற்றம் நிரூபணமாகாமல் வெளியே வருவது விடுதலை. இரண்டையும் 'விடுதலை' என்று எழுதும் வழக்கம் செய்திகளில் இருக்கிறது, அதைப் பின்பற்ற வேண்டாம்.

9. இப்போது அகராதி, அதுவும் தலைகீழாக

இதற்குள் ஒரு தமிழ்ச் சொல் உங்களுக்கே தோன்றியிருக்கும். ஆங்கிலம்-தமிழ் அகராதியில் அது இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் தமிழ்-தமிழ் அகராதியில் அந்தத் தமிழ்ச் சொல்லைத் தேடி, அங்குள்ள எடுத்துக்காட்டு வாக்கியம் உங்கள் வாக்கியத்தோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். பெயரும் வினையும் சேர்கின்றனவா என்பது அங்கேதான் தெரியும். குற்றத்தை வசூலிக்க முடியாது, கட்டணத்தைச் சாட்ட முடியாது.

ஆங்கிலத்தை மறைத்துவிட்டுத் தமிழை மட்டும் வாய்விட்டுப் படியுங்கள். ஒரே வாக்கியத்தில் 'பொறுப்பு' இரண்டு முறை வந்து வாசகரைத் திணறடித்தால், ஒன்றை உடைத்து எழுதுங்கள்.

10. முதல் நாள் வாக்கியத்தைப் போட்டுப் பார்ப்போம்

முதல் சார்ஜுக்கு முன்னால் 'இன்' இருக்கிறது, 'தி' இல்லை. ஆக, அவர் பார்த்துக்கொள்கிறவர். இரண்டாவது கை மாற்றிக் கொடுக்கப்படுவது, அதாவது நாற்காலி. மூன்றாவதில் சுமை பழி. பக்கத்தின் தலைப்பில் துறையின் பெயர்தான் இருந்தது, நீதிமன்றம் எங்கும் இல்லை. எனவே வனைதல் வேண்டாம், குறிப்பாணை. நான்காவது நகலுக்கான பணம்.

'பொறுப்பு அதிகாரி பொறுப்பை ஒப்படைக்காததால் அவருக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வழங்கப்பட்டது. அதன் நகலுக்குக் கட்டணம் இல்லை.'

படித்துப் பார்த்தால் தொடக்கத்தில் பொறுப்பும் பொறுப்பும் முட்டிக்கொள்கின்றன. 'இடைக்காலமாக அந்தப் பணியைப் பார்த்துவந்த அதிகாரி, பொறுப்பை ஒப்படைக்காததால்' என்று மாற்றினேன். பழக வந்தவர்களில் ஒருவர் மட்டும், "சார், அவர் இடைக்காலமாகத்தான் இருந்தார்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். பக்கத்தைத் திருப்பிப் பார்த்தோம். எங்கும் அப்படி இல்லை. 'அந்தப் பணியைக் கவனித்துவந்த அதிகாரி' என்று திருத்தி அனுப்பினேன்.